கம்பெனி வெள்ளரியும் நாத்தனார் முடிச்சும்

தட்டாம்பாறைக்காரர்களிடம் போய், "உங்க ஊரில் கோபம் நுரை நுரையாக வந்ததாமே?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆமா, அதுக்கென்ன இப்போ? டீ சாப்பிடுறீங்களா?" என்பார்கள். அவர்களுக்கு அதில் ஆச்சரியப்பட எதுவும் கிடையாது. ஆடியில் மழை பெய்தால் ஆச்சரியப்படுவார்கள், நத்தம் பஸ் சொன்ன நேரத்துக்கு வந்தால் வாயைப் பிளப்பார்கள். வெள்ளரிக்காயின் காம்பை நறுக்கித் தேய்த்தால் நுரை வருவது உலகத்துக்கே தெரிந்த சங்கதி. அந்த வருஷம் நுரையோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது, அவ்வளவுதானே.

எல்லாம் தவமணி வீட்டுக் கொல்லையில் ஆரம்பித்தது.

திண்டுக்கல்லுக்கும் நத்தத்துக்கும் நடுவே கரட்டோரக் காடெல்லாம் கம்பெனி வெள்ளரி படர்ந்து கிடந்த காலம் அது. விரல் நீளக் காய், முதலை முதுகு மாதிரி பொரிப்பொரியாக, மேலே பொடி முள்ளோடு இருக்கும். விதையைக் கம்பெனி கொடுக்கும், காயையும் கம்பெனியே வந்து வண்டியில் அள்ளிக்கொண்டு போகும், பீப்பாய் பீப்பாயாக உப்புத்தண்ணீரில் ஊறிக் கப்பலேறும், போன இடத்தில் யாரோ அதை ரொட்டிக்கு நடுவே வைத்துத் தின்பார்கள் என்று கேள்வி. தட்டாம்பாறையில் பாதிப் பெண்கள் அந்தக் காய் பறிக்கப் போகிறவர்கள்தான், ஆனால் ஒருத்தியும் அதை ஒரு கடி கடித்துப் பார்த்ததில்லை. கம்பெனிக் காய் என்பது தெருமுனைத் தபால் பெட்டி மாதிரி. தினம் பார்க்கலாம், தொடலாம், தின்ன மட்டும் தோன்றாது.

தவமணிக்கும் தோன்றியிருக்காது. விதைப்பு முடிந்து ஒருநாள் வீட்டுக்கு வந்து முந்தானையை உதறியபோது, அதில் சுருட்டி வைத்திருந்த காலி விதைப் பாக்கெட்டின் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த நாலைந்து விதைகள் முற்றத்தில் உதிர்ந்தன. மருந்து தோய்த்த விதை, நகப்பூச்சுப் போட்ட மாதிரி ரோஸ் கலர். கோழி கொத்தினால் கோழி போய்விடும், அடுப்பில் போட்டால் புகை வரும், குப்பையில் போட மனசு வரவில்லை. நாலு கொட்டாங்குச்சிகளில் நார்க்கழிவும் மக்கின சாணியும் நிரப்பி, விரல்கணு ஆழத்துக்குக் குத்தி, கூர்முனை கீழே பார்க்க ஒவ்வொன்றாகப் போட்டு மூடி, அரிசி கழுவின தண்ணீரைத் தெளித்து, "முளைச்சா முளை, முளைக்காட்டிப் போ" என்று சொல்லிவிட்டுச் சோறாக்கப் போய்விட்டாள்.

விதைக்கு அந்த மாதிரிப் பேச்சுத்தான் பிடிக்கும் போலிருக்கிறது. நாலில் ஒன்று மட்டும் சரசரவென்று கிளம்பி, கை கூப்புகிற மாதிரி இரண்டு இலை விட்டு, அப்புறம் சொரசொரப்பான நிஜ இலை விட்டு, கொட்டாங்குச்சி போதாமல் முண்டியது. வேர் அலுங்கினால் வெள்ளரிக்குப் பிடிக்காது என்பதால் கொட்டாங்குச்சியைப் பக்குவமாக உடைத்து, மண்ணுருண்டை சிதறாமல் சுவரோரக் குழியில் இறக்கி வைத்தாள். துணி காயப்போடுகிற கயிற்றிலிருந்து சணலை இழுத்துக் கட்டியதும் கொடி அதைப் பிடித்து ஏறியது; ஏறிச் சுவரைத் தொட்டது; சுவரைத் தொட்டதும் வம்பு வந்தது.

ஏனென்றால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சியம்மா இருந்தாள்.

பேச்சியம்மா தவமணிக்கு நாத்தனார். தவமணியின் புருஷனுக்குக் கூடப் பிறந்த ஒரே தங்கச்சி. கரெண்டு ஆபீஸ் லைன்மேன் சோணையைக் கட்டிக்கொண்டு, பாகத்தில் வந்த பக்கத்து வீட்டிலேயே குடியிருந்தாள். இருவருக்கும் சண்டை தவமணியின் கழுத்தில் தாலி ஏறிய நிமிஷத்தில் தொடங்கியது. நிமிஷம் என்றுகூடச் சொல்ல முடியாது, மூன்றாவது முடிச்சில் தொடங்கியது. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டுவிட்டு விலக, மற்ற இரண்டையும் நாத்தனார் போட வேண்டும் என்பது முறை. பாவாடை தாவணியில் நின்ற பேச்சி இரண்டாவதைச் சரியாகப் போட்டாள். மூன்றாவதில் மணப்பெண்ணின் பின்கழுத்து முடியையும் சேர்த்துச் சுண்டி இழுத்துக் கட்ட, கெட்டிமேளம் அடித்துக்கொண்டிருந்தபோதே தவமணி "ஆ!" என்று அலறித் தலையை ஆட்டிவிட்டாள். பொண்ணு மாப்பிள்ளையை வேண்டாம் என்று தலையாட்டுகிறதோ என்று பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்து பார்த்தார்கள்.

அன்றையிலிருந்து தினமும் சண்டைதான். பேச்சி கல்யாணமாகிப் பக்கத்து வீட்டுக்கு வந்தபின், காலையானால் இந்தப் பக்கம் ஒருத்தி வாசல் தெளித்த வாளியோடும் அந்தப் பக்கம் ஒருத்தி பல் தேய்த்த கையோடும் சுவருக்கு வந்து நிற்பார்கள்.

"முடியச் சேத்து முடிச்சுப் போட்ட மகராசி எந்திரிச்சாச்சா?"

"சபையில தலையாட்டி எங்கண்ணன் மானத்தை வாங்கின மகாராணி எந்திரிச்சப்பவே நானும் எந்திரிச்சாச்சு."

அப்புறம் கோழி, குப்பை, அடுப்புப் புகை, அன்றைக்கு எது அகப்படுகிறதோ அது. கொடி ஏறியபின் கொடி.

"உன் கொடி என் சுவத்துல கை வைக்குது மதினி."

"அது உன் சுவர்னு அதுக்குத் தெரியாதுடி. படிக்காத கொடி."

"எங்கண்ணன் குருநாதன் கட்டுன சுவரு. குருநாதன் இருந்திருந்தா இப்படி ஒரு கொடிய ஏறவிட்டுருக்குமா? குருநாதன் பொழப்புக்கு ஒரு ஒழுங்கு இருந்துச்சு!"

இந்த இடத்தில் தவமணி எப்போதும் பதில் சொல்லாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். தோற்றுப்போய் அல்ல. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, அதனால்தான். தட்டாம்பாறையில் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்வது வழக்கமில்லை. தவமணி அவன் இருந்தபோதும் சொன்னதில்லை, ஒரு பங்குனியில் அவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபிறகும் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட வரிசையில் பின்னால் நிற்கிறவளைப் பார்த்து, "நீ சொல்லேன்" என்பாள். பிள்ளை இல்லாத வீடு. அந்தக் கொல்லையில் அந்தப் பேர் காதில் விழுகிற ஒரே நேரம் பேச்சி கத்துகிற நேரம்தான். சிலர் காலையில் ரேடியோ வைப்பார்கள், சிலர் சாமி பாட்டுப் போடுவார்கள், தவமணிக்கு நாத்தனார்.

கொடியில் முதலில் வந்ததெல்லாம் வெறும் பூ. ஆண்பூ. "மலட்டுக் கொடி!" என்று பேச்சி சுவருக்கு மேலே தலையை நீட்டிச் சிரித்தாள். பிறகு பூவுக்குப் பின்னால் பிள்ளைவிரல் மாதிரிக் குட்டிக் காயோடு பெண்பூ வந்தது, தேனீ வந்தது, காய் வந்தது. வந்தது என்றால், விடியும்போது சுண்டுவிரலாக இருப்பது மதியம் நடுவிரலாக இருக்கும், பறிக்க மறந்தால் சாயங்காலம் தொந்தி போட்டுக்கொண்டு தொங்கும். தினம் பறிக்கப் பறிக்கத்தான் கொடி காய்க்கும் என்பது காட்டில் வேலை செய்தவளுக்குத் தெரியும். பறித்தாள். பறித்ததை என்ன செய்வது? கப்பலா விட முடியும்? சரி, நம் ஊர் வெள்ளரி மாதிரி தின்று பார்ப்போம் என்று அரிவாள்மனையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அந்தச் சமயம் பார்த்து டீக்கடை ஒச்சப்பன் பெண்டாட்டி மயிலம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாள். இவளுக்கும் புருஷனுக்கும் பேச்சுவார்த்தை நின்று, போன பொங்கலோடு ஒரு வருஷம். கடை அடுப்பில் பாலைப் பொங்கவிட்டது யார் என்பதில் ஆரம்பித்து, ஒரே கடையில் அவன் டீ ஆற்ற இவள் வடை சுட, நடுவில் சர்க்கரை டப்பா வேண்டுமானால் வந்த கஸ்டமரிடம்தான் இருவரும் கேட்பார்கள். மயிலம்மா குறையைச் சொல்லத் தொடங்கிய கையோடு, அவள் நம்மைப் பற்றி என்ன சொல்கிறாளோ என்று ஒச்சப்பனும் துண்டை உதறிக்கொண்டு வந்து நின்றான்.

"அக்கா, இவ சொல்றதக் கேக்காதீங்க."

"அக்கா, எவனோ பேசுறான் பாருங்க, எனக்குக் காதுல விழல."

தவமணிக்குத் தலை வலித்தது. நறுக்கிய காயை அவன் கையில் திணித்தாள், காம்புத் துண்டை இவள் கையில் கொடுத்தாள். "ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டு இதத் தேய்ங்க. கசப்பு எடுக்கணும்."

ஒச்சப்பன் பிடித்துக்கொள்ள மயிலம்மா வட்டமாகத் தேய்த்தாள். முதலில் எல்லாக் காய்க்கும் வருகிற மாதிரிக் கொஞ்சம் வெள்ளை நுரை. அப்புறம் கொஞ்சம் பழுப்பாக. அப்புறம், பொங்கவிட்ட பாலின் வாசனையோடு, குபுகுபுவென்று நுரை மணிக்கட்டுக்கு ஏறி முழங்கைக்கு வழிந்து முற்றத்தில் சொட்டி, வாசற்படி வரை ஓடி, கோழிக்குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போய் முருங்கை மரத்தடியில் விட்டுவிட்டு நின்றது. நின்றதும் ஒச்சப்பன் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"ஏத்தா, காலைல எதுவும் தின்னியா?"

"வடைதான் ரெண்டு. நீ தின்னியா?"

"நீ போட்ட வடையத்தான் திருடித் தின்னேன்."

இருவரும் ஒருவர் கையை ஒருவர் கழுவிவிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். தவமணி முற்றத்தைப் பார்த்தாள். "இத்துனூண்டு காய்க்கு இம்புட்டு நுரையா!" என்று நொந்துகொண்டே விளக்குமாற்றை எடுத்தாள். அவளுடைய ஆச்சரியம் அதோடு முடிந்தது.

மறுநாள் காலையில் டீக்கடையில் சர்க்கரை டப்பா நேராகக் கைமாறியதை ஊர் பார்த்தது. ஊருக்கு அது போதும். ஒரு வாரத்தில் தவமணி வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. பத்து வருஷம் வரப்புக்கு அடித்துக்கொண்ட பங்காளிகள் வந்தார்கள். அவர்கள் நுரை வண்டல் நிறத்தில், உள்ளே பொடிக்கல்லோடு வந்தது. மாமியார் மருமகள் வந்தார்கள். அந்த நுரை சீயக்காய் மாதிரி கண்ணை எரித்தது. சின்ன வயதில் பம்பரம் உடைத்த விவகாரத்தில் பேசாமலிருந்த இரண்டு தலை நரைத்த சிநேகிதர்கள் வந்தார்கள், நுரை உருண்டை உருண்டையாகச் சுற்றிக்கொண்டே வெளியே போனது. ஒருவர் காயைப் பிடிக்க வேண்டும், மற்றவர் காம்பைத் தேய்க்க வேண்டும், கொடியிலிருந்து அன்றைக்குப் பறித்த காயாக இருக்க வேண்டும், முடிந்ததும் காயைப் பாதியாக நறுக்கி இருவரும் அங்கேயே தின்றுவிட வேண்டும். இப்படியெல்லாம் யாரும் சொல்லாமலே ஒரு முறை ஏற்பட்டுவிட்டது. மொறுமொறு என்ற சத்தம் கேட்டால் உள்ளே ஒரு வழக்குத் தீர்ந்தது என்று வெளியே நிற்பவர்கள் அடுத்த செருப்பைக் கழற்றுவார்கள்.

நுரையை எங்கே கொட்டுவது என்பதுதான் தொல்லையாகப் போயிற்று. சாக்கடையில் விட்டார்கள், அதை நக்கிய நாய்கள் தங்கள் வாலையே முறைத்துக் குரைத்தன. குப்பைமேட்டில் கொட்டினார்கள்; அங்கே தானாக முளைத்த மிளகாய்ச் செடியில் ஒரு காயைக் கிள்ளிச் சாம்பாரில் போட்ட வாத்தியார் வீட்டில் மூன்று தெருவுக்குத் தும்மல் கேட்டது. கடைசியில் பஞ்சாயத்துத் தலைவர் நல்லதம்பி, விரிசல் விட்ட பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்றைத் தார் பூசிக் கொண்டுவந்து ஆபீசுக்குப் பின்னால் வைத்து, "ஊர்க்கோபம் பொதுச்சொத்து, யாரும் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது" என்று தண்டோரா போட்டார். மூடியைக் கயிற்றால் கட்டி வைத்தார்கள். பக்கத்தில் போனால் உள்ளே யாரோ முணுமுணுக்கிற மாதிரி இருக்கும்.

இனி ஊர் சொர்க்கம்தான் என்று நினைப்பீர்கள். ஊரும் அப்படித்தான் நினைத்தது. அப்புறம்தான் தெரிந்தது, கோபம் சுத்தமாக இல்லாத ஊரில் குடத்தில் தண்ணீர் நிறையாது என்று. ஊர்க் குழாயில் தண்ணீர் வந்தது. "நீ பிடி அக்கா." "இல்ல இல்ல, நீ முதல்ல பிடி." "அட, பெரியவங்க அவங்க பிடிக்கட்டும்." எல்லாக் குடமும் மரியாதையாக வரிசையில் நிற்க, தண்ணீர் யாருக்காகவும் காத்திராமல் நின்றுபோனது. நத்தம் பஸ்சில் சீட்டெல்லாம் காலியாக இருக்க, "நீங்க உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே அத்தனை பேரும் நின்றபடி போனார்கள். பக்கத்து ஊரோடு கபடிப் போட்டி. எதிராளி தொட்டுவிட்டு ஓடும்போது தட்டாம்பாறைப் பையன்கள், "பாத்துப் போங்கண்ணே, கல்லு கெடக்கு" என்று வழி விட்டார்கள். அந்தத் தோல்வியைப் பார்த்து நல்லதம்பிக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை, அதை நினைத்துத்தான் அவருக்குப் பயம் வந்தது. தண்ணீர் பிடித்த பிறகுதான் வெள்ளரி தேய்க்கலாம், கபடி ஆடுகிறவர்கள் தேய்க்கவே கூடாது, மற்றவர்கள் காம்பைச் சின்னதாக நறுக்கி அரைக்கோபத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஊர் கூடிப் பேசி முடிவு செய்தது. குடமும் நிறைந்தது, குடும்பமும் நடந்தது.

அப்படி எல்லாம் ஒழுங்குக்கு வந்த பிறகு பார்த்தால், தட்டாம்பாறையில் முழுசாக மிச்சமிருந்த சண்டை ஒன்றே ஒன்றுதான். தினம் காலையில் அந்தச் சுவரோரம், ஊருக்கே கேட்கிற மாதிரி.

"ஊருக்கெல்லாம் கோபத்தை எடுத்து விடுற, உன் வீட்டுச் சண்டைக்கு மட்டும் ஒரு காய் இல்லையா?" என்று மயிலம்மாதான் முதலில் கேட்டாள். நன்றி உள்ளவள், அதனால் விடாமல் கேட்டாள்.

"இன்னைக்குக் காய் பிஞ்சு." மறுநாள், "இன்னைக்குக் காய் முத்தல்." அதற்கு மறுநாள், "இலையில சாம்பல் விழுந்திருக்கு, கொடிக்கு உடம்பு சரியில்ல." அதற்கும் அடுத்து, "அமாவாசை." தவமணிக்குச் சாக்குத் தீர்ந்துகொண்டே வந்தது. வாஸ்தவமாகவே கொடிக்கும் வயசாகிக்கொண்டிருந்தது. அடி இலைகள் பழுத்துச் சுருண்டன, சுருள்கம்பிகள் பிடி விட்டன. விதைக்கென்று அவள் விட்டிருந்த ஒரு காய் மட்டும் மஞ்சளாகப் பெருத்து, குருநாதன் கட்டிய சுவரின்மேல் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

நல்லதம்பியே ஒருநாள் நேரில் வந்தார். "தாயி, வெள்ளிக்கிழமை கோயில் திருவிழாச் சாட்டு. ஒரு சண்டைகூட இல்லாத ஊர்னு மைக்குல சொல்லணும்னு எனக்கு ஆசை. நீங்க ரெண்டு பேரும் சபைக்கு முன்னாடி தேய்ச்சிருங்க. பேச்சியம்மாகிட்டக் கேட்டேன்."

"என்னா சொன்னா?"

"'எனக்கென்ன பயம், அவங்கள வரச்சொல்லுங்க'ன்னுச்சு."

தவமணிக்கு நெஞ்சில் யாரோ கொட்டாங்குச்சியால் சுரண்டின மாதிரி இருந்தது. ஆக, பேச்சிக்கு இந்தச் சண்டை வேண்டியதில்லை. அவளுக்கென்ன, புருஷன் இருக்கிறான், கட்டிக்கொடுத்த மகள் போனில் கூப்பிடுகிறாள், சண்டை போனால் நிம்மதியாகப் பல் தேய்ப்பாள். இவளுக்கு? நுரை வழிந்து போனபிறகு பேச்சி ஒரு பிரியமான மனுஷியாகி, "நல்லாருக்கியா மதினி" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போய்விடுவாள். பிரியமான ஜனங்கள் சுவரோரம் நின்று அண்ணன் பேரைச் சொல்லிக் கத்த மாட்டார்கள். அந்தக் கொல்லையில் அந்தப் பேர் அதோடு சரி.

அன்று முழுவதும் யோசித்துவிட்டு தவமணி ஒரு திருட்டு வேலை செய்தாள். வியாழக்கிழமைச் சந்தையில் நாட்டு வெள்ளரிப் பிஞ்சுகளைக் கிளறிக் கிளறி, கொஞ்சம் சொரசொரப்பாக, கம்பெனிக் காய் மாதிரியே குட்டையாக இருந்த ஒன்றைப் பொறுக்கி எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். சாதாக் காய்க்கும் நுரை வரும். ஊருக்கு நுரை தெரிந்தால் போதும். சண்டை அதன் பாட்டுக்கு உள்ளே இருக்கும். மறுநாள் பேச்சி வழக்கம்போலக் கத்துவாள். "காய் பலிக்கல போலருக்கு" என்று சொல்லிக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை காலை கொல்லையில் ஊரே நின்றது. சுவரில் ஏறி உட்கார்ந்தவர்களை இறங்கச் சொல்லி நல்லதம்பி கத்திப் பார்த்தார், கத்த வராமல் கெஞ்சினார். ஒச்சப்பன் கெட்டிலோடு வந்திருந்தான். லைன்மேன் சோணை, எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல், பழக்கதோஷத்தில் கம்பத்தடியில் நின்றான். பேச்சியம்மா தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, சுவரைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாகவே வந்தாள். அந்த வாசலில் அவள் கால் வைத்து எத்தனையோ காலமாகியிருந்தது.

தவமணி அரிவாள்மனையில் உட்கார்ந்து, இலைகளுக்குள் கையை விட்டு எதையோ பறிக்கிற மாதிரி பாவனை செய்து, மடியிலிருந்த காயை உருவினாள். பேச்சி எதிரே குந்தினாள். காயைப் பார்த்தாள். மதினி முகத்தைப் பார்த்தாள். கூட்டம் எட்டிப் பார்த்தபோது சேலைத் தலைப்பைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"களவாணி மதினி. இது சந்தைக் காய்."

தவமணி காயை உள்ளங்கைக்குள் மறைத்தாள். "உனக்கெப்படித் தெரியும்?"

"தினம் இந்தக் கொடி மூஞ்சிலதான நான் முழிக்கிறேன், எனக்குத் தெரியாதா? இங்க கொடு." சடக்கென்று அதைப் பிடுங்கித் தன் மடிக்குள் போட்டுக்கொண்டாள். "மயிலம்மா கண்ணு கொள்ளிக்கண்ணு, இப்பப் பாத்துருவா. எங்கண்ணன் பொண்டாட்டி சபையில பொய் சொன்னான்னு நாளைக்கு எவளும் பேசக் கூடாது." எழுந்து, ஊருக்குக் கேட்கிற குரலில், "அந்தக் காய் சொத்தை! நல்லது ஒண்ணு என் பக்கம் கெடக்கு" என்று அறிவித்து, சுவருக்கு மேலே எக்கி, அந்தப் பக்கத்து இலைக்கடியில் கையை விட்டாள். பச்சையாக, முள்ளும் பொரியுமாக, அன்றைக்கு வேண்டிய அளவுக்குச் சரியாக ஒரு காய் வந்தது. விதைக்காயை விட்டால் கொடியின் கடைசிக் காய். வயசான கொடியில் மெதுவாகவே பெருத்த அதை அவள் பல நாளாக ஒரு கிழிந்த துணியைப் போர்த்தி வெயிலிலிருந்து காத்து வைத்திருந்தாள் என்பது சுவர் மேல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இனி தப்ப வழியில்லை. தவமணி காயைப் பிடித்தாள். பேச்சி காம்பைத் தேய்த்தாள்.

ஒரு சுற்று. நான்கு சுற்று. ஒன்றுமில்லை.

"அழுத்தித் தேய் ஆத்தா!" என்று யாரோ சொன்னார்கள். பேச்சி அழுத்தித் தேய்த்தாள். தண்ணீர் மாதிரி ஒரு துளி ஈரம் வந்தது, அது வெயிலில் உடனே காய்ந்தது. நுரை இல்லை. சாதா வெள்ளரிக்கு வருகிற நுரைகூட இல்லை. நுரை தங்கள் மேல் பட்டுவிடும் என்று சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்கள் மெதுவாக இறக்கிவிட்டார்கள்.

மயிலம்மாதான் வாயைத் திறந்தாள். "அப்படின்னா இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கோபமே இல்லியா?"

கூட்டம் முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. தவமணிக்குக் காதெல்லாம் சிவந்தது. பேச்சிக்கு அதைவிட. இத்தனை வருஷம் நாள் தவறாமல், தொண்டை கிழிய, ஊரறியப் போட்ட சண்டையில் ஒரு பொட்டு நுரைகூட இல்லையென்றால் ஊர் என்ன நினைக்கும்?

"காய நீ சரியாப் பிடிக்கல!" என்றாள் பேச்சி.

"நீ சரியாத் தேய்க்கலடி!"

"கைய ஆட்டுற! அன்னைக்குத் தலைய ஆட்டின மாதிரியே ஆட்டுற!"

"முடியப் பிடிச்சு இழுத்தா ஆட்டாம என்னடி செய்வாங்க? வேணும்னே முடியச் சேத்துக் கட்டினவதான நீ!"

"ஆமா! வேணும்னேதான் கட்டினேன்!"

கம்பத்தடியில் சோணை நெற்றியில் கை வைத்துக்கொண்டான்.

"கேட்டுக்கங்க எல்லாரும், ஒத்துக்கிட்டா!" என்று தவமணி கூவினாள்.

"ஒத்துக்காம என்ன? லட்சணமா ஒரு மதினி வந்திருக்கு, எங்க அம்மா போடுற சத்தத்துல ரெண்டு நாள்ல பொறந்த வீட்டுக்கு ஓடிரும்னு எல்லாரும் சொன்னாங்க. கழண்டு போயிரக் கூடாதேன்னு முடியோட சேத்துக் கட்டினேன். எனக்கு அப்ப அவ்வளவுதான் புத்தி!"

தவமணி நறுக்கிய காயைப் பிடித்தபடியே அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு அவளுக்கு வந்ததே ஆத்திரம்.

"கூறுகெட்டவளே! குருநாதன் இருக்குற வீட்டை விட்டு நான் எங்கடி ஓடப்போறேன்?"

சொல்லிய பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். ஒச்சப்பன் கெட்டிலைக் கீழே வைத்தான். கொல்லையில் இருந்த கோழிகூடக் கிளறுவதை நிறுத்தியது. அந்தப் பேர் முற்றத்தைச் சுற்றி, கொடியில் ஏறி, சுவரைத் தொட்டு, திரும்பி வந்து அவள் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டது.

பேச்சியம்மா கண்ணில் குபுக்கென்று தண்ணீர் வந்தது. அதைப் புறங்கையால் துடைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். அவள் முகத்தில் பரவிய சந்தோஷத்தை வர்ணிக்க வேண்டுமென்றால், வருஷக்கணக்காக ஒரே குழம்பைத் தின்றவளுக்குக் கறிவிருந்து போட்ட மாதிரி என்று சொல்லலாம்.

"பேரச் சொல்லிட்டா! ஊரு சபையில, கட்டின புருசன் பேர, வெறும் பேரா, ஒரு மட்டு மரியாத இல்லாமச் சொல்லிட்டா! ஏங்க, நீங்க கேட்டீங்கள்ல? தலைவரே, நீங்க கேட்டீங்கள்ல?"

"ஆமாடி, சொன்னேன், இப்ப என்னாங்கிற? என் புருசன், நான் சொல்லுவேன். குருநாதன்! குருநாதன்! போதுமா?"

"எங்கண்ணன் பேர நீ எப்படிச் சொல்லலாம்?"

நல்லதம்பி மைக்கில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே கிளம்பினார். மற்றவர்களும் செருப்பை மாட்டினார்கள். சண்டை வலுத்துக்கொண்டிருந்தபோதே இருவரும் காயைப் பாதியாக நறுக்கி ஆளுக்கொன்றாகத் தின்றுகொண்டிருந்ததை, கடைசியாகப் போன மயிலம்மா பார்த்தாள். நுரை எடுக்காத காய்; கசக்க வேண்டும். "கசக்குதா?" என்று கேட்டாள். இருவரும் ஒரே சமயத்தில், "உனக்கென்ன, போடி" என்றார்கள்.

மஞ்சள் பழம் வெடித்ததும் தவமணி விதையைக் கழுவி, சாம்பலில் புரட்டி, நிழலில் காயவைத்தாள். பாதியைச் சுவருக்கு மேலே நீட்டினாள். பேச்சி வாங்கிக்கொண்டு, "எங்கண்ணன் சுவத்துல இந்தத் தடவை என் கொடிதான் முதல்ல ஏறும்" என்றாள்.

"குருநாதன் சுவத்துல யார் கொடி முதல்ல ஏறுதுன்னு பாத்துருவோமா?"

"மறுபடியும் பேரச் சொல்றா பாரு!"

தட்டாம்பாறையில் இப்போதும் காலை அப்படித்தான் விடிகிறது. சண்டை இல்லாத ஊர் என்று நல்லதம்பி மைக்கில் சொல்லவே இல்லை. தொட்டி மட்டும் ஆபீசுக்குப் பின்னால் இருக்கிறது. போகிறவர்கள் பார்த்துவிட்டு வரலாம். கயிற்றை மட்டும் அவிழ்க்க வேண்டாம்.